ட்ரோன் வருகிறது, வேலையை விடலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 26. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. படம் எடுப்பதில் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கனடாவில் இருக்கும் அண்ணா டிசம்பரில் வரும்போது ஒரு ட்ரோன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். 249 கிராம்தான், அதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார். காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம், துறைமுக நகரம் எல்லாவற்றையும் மேலிருந்து எடுத்து இணையத்தில் விற்கலாம், கல்யாண வீடுகளுக்கும் போகலாம் என்று யோசிக்கிறேன். மாதம் எவ்வளவு உழைக்கலாம்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? அம்மா பயப்படுகிறார்.
ப., கொழும்பு 6

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். கொஞ்சம் நீளும்.

நானும் உங்களைப் போலத்தான் வந்தேன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எனக்கு 2015இல் ஒரு ஃபான்டம் 3 ட்ரோன் கிடைத்தது. வெள்ளை நிறம், சோற்றுப் பானை அளவு, ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாலே சனம் கூடிவிடும். சொந்தக்காரர் எல்லோரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ட்ரோன் வைத்திருப்பது ஒரு திறமையே இல்லை. அதனால் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் அண்ணாவின் 249 கிராம். கனடாவில் அவர் சொல்வது உண்மை. அங்கே 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பதிவு தேவையில்லை. உற்பத்தி செய்பவர்கள் 249 என்ற எண்ணில் நிற்பதே அப்படிப்பட்ட நாடுகளின் எல்லைக்கோட்டை மனதில் வைத்துத்தான். எங்கள் நாட்டில் கோடு 200 கிராமில் விழுகிறது. 25 கிலோவும் அதற்கு மேலும் ஒரு வகை, 1 கிலோவிலிருந்து 25 வரை இன்னொன்று, 200 கிராமிலிருந்து 1 கிலோ வரை மூன்றாவது, 200க்குக் கீழே நான்காவது. அண்ணாவின் ட்ரோன் மூன்றாவதில் விழுகிறது. 49 கிராம்தானே அதிகம், ஒரு முட்டையின் பாரம்கூட இல்லையே என்று சுங்கத்தில் நின்று வாதாட முடியாது.

மூன்றாவது வகை என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். அலுவலகம் கட்டுநாயக்கவில். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அது ரேடியோ அலையில் ஓடும் சாமான் என்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவர தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இதையெல்லாம் அண்ணா விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். சாமான் வந்து இறங்கிய பிறகு ஓடித் திரிவதென்றால் அண்ணாவின் லீவு முழுக்கக் கட்டுநாயக்க வீதியிலேயே போய்விடும். எந்தப் படிவம் முதலில், எது பிறகு என்ற வரிசை அவ்வப்போது மாறுகிறது. மூன்று வருடம் பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரசபையிடமே கேளுங்கள்.

இன்னொன்று. பதிவு வேறு, பறப்பதற்கான அனுமதி வேறு. காருக்கு நம்பர் தகடு இருந்தால் எந்த வளவுக்குள்ளும் விடலாம் என்று அர்த்தமில்லையே, அதுபோல. காசு வாங்கிக்கொண்டு பறக்கும்போது எந்த இடம், எந்த நாள், என்ன தேவை என்று எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். திறன்பேசிச் செயலியில் வரைபடம் பச்சையாகத் தெரிவதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ட்ரோன் செய்த கொம்பனி போட்ட நிறம், எங்கள் அரசாங்கம் போட்டதில்லை.

இப்போது நீங்கள் எழுதிய மூன்று இடங்களையும் பார்ப்போம். காலிமுகத்திடலின் ஒரு நுனியில் ஜனாதிபதி செயலகம். அதை ஒட்டித் துறைமுக நகரம், அதற்குப் பின்னால் துறைமுகம். தாமரைக் கோபுரம் பேரை வாவிக் கரையில், கோட்டைக்குக் கூப்பிடு தூரம். இந்தப் பக்கம் வந்தால் கொள்ளுப்பிட்டியில் அலரி மாளிகை, காலி வீதி நெடுகத் தூதரகங்கள். கிழக்கே கோட்டேயில் பாராளுமன்றம். தெற்கே போகலாம் என்றால் இரத்மலானை விமான நிலையம், அதன் பக்கத்திலேயே கல்கிசைக் கடற்கரை. வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் பாருங்கள், கொழும்பில் மிச்சமிருப்பது கையளவுதான். தபால் அட்டையில் வரும் கொழும்பு முழுக்க வட்டத்துக்குள் போய்விடும். அனுமதியோடு அங்கே பறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனமும் ஒரு கட்டுக் கடிதமும் இருந்திருக்கும். (காலிமுகத்திடலில் இன்னொரு தொல்லையும் உண்டு: பட்டம். அந்த நூல் கண்ணுக்கே தெரியாது, இறக்கையில் சுற்றினால் ஒரு விநாடியில் கதை முடிந்தது.)

அனுமதியில்லாமல் காலையில் ஓடிப்போய் எடுத்துவிட்டு வரலாம் என்று சில பொடியன்கள் நினைக்கிறார்கள். எடுத்த பிறகு அதை என்ன செய்வது? இணையத்தில் போட வேண்டும். பெயரோடும் தேதியோடும் போட்டால் அது படமா, வாக்குமூலமா?

சரி, அனுமதியோடே எடுத்தீர்கள் என்று வைப்போம். படத்தளங்களில் தாமரைக் கோபுரம் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். உங்களுடையது அதில் இன்னொன்று. நான் ஏற்றியவற்றில் கொஞ்சமாவது விற்றது கோபுரங்கள் இல்லை. கரையில் வலை காயப்போட்டிருக்கும் படம், கூரைகளுக்கு நடுவே ஒரேயொரு தென்னை நிற்கும் படம், இப்படிப் பெயர் தெரியாத இடங்கள்தான். அந்தக் காசில் வருடத்துக்கு ஒரு மெமரி கார்ட் வாங்கலாம், அவ்வளவுதான். அதுவும் எங்கள் நாட்டு பேபால் கணக்கில் காசு கட்டலாம், வாங்க முடியாது என்பதால் பேயோனியர் மாதிரி வேறு வழியில்தான் எடுக்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்யுங்கள். சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்யாண வீடுகள். முதல் ரூபா அங்கேதான் வரும், எனக்கும் அங்கேதான் வந்தது. கல்யாணம், சாமத்திய வீடு, அறுபதாம் கல்யாணம் எதற்கும் இப்போது ட்ரோன் கேட்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், எங்கள் கல்யாணங்களில் முக்கியமான எல்லாமே மண்டபத்துக்குள்ளே. உள்ளே ட்ரோனுக்கு ஜிபிஎஸ் கிடைக்காது, தலைக்கு மேலே மின்விசிறி, கீழே குத்துவிளக்கு. ஒரு தடவை வீட்டுக்காரர் விடாப்பிடியாக நின்றதால் உள்ளே பறக்கவிட்டேன். இறக்கைக் காற்றில் ஓமப் புகை முழுக்கப் பெண்ணின் முகத்துக்குப் போனது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உள்ளே பறப்பதில்லை, எவ்வளவு கொடுத்தாலும். வெளியே என்றால் மாப்பிள்ளை வந்திறங்கும் காட்சி, கடற்கரையில் இருவரும் நடக்கும் காட்சி, மொத்தம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக நீங்கள் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். வீடியோக்காரர்கள் பலர் இப்போது ட்ரோனைத் தங்கள் பக்கேஜுக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். தனியாக வாங்குபவர் குறைவு. வீடியோக்காரர் ஒருவரோடு நாட்கூலிக்குச் சேர்ந்து போனால் கை பழகும். அதைக் கல்விச் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்த் திருவிழா, ஆடிவேல் போன்றவற்றில் சனத்துக்கு மேலே பறக்கச் சொல்வார்கள். கூட்டத்துக்கு மேலே பறப்பது விதிக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம்.

அப்படியென்றால் காசு எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறிச் சுற்றிப் பாருங்கள். வெள்ளவத்தையில் எத்தனை தொடர்மாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன? அந்த வீடுகளை வாங்குபவர்களில் பலர் லண்டனிலும் டொரொன்டோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டப்படுவது கணினியில் கீறிய படம். அதில் கடல் எப்போதும் நீலம், முன்னால் கட்டடமே இருக்காது. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "என்ர பல்கனியிலிருந்து கடல் தெரியுமா?"

அந்தக் கேள்விக்குத் தளம்கூடப் போடாத நாளிலேயே பதில் சொல்ல உங்களால் முடியும். நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் கட்டட வரைபடத்தை வாங்கி உயரங்களைக் குறிக்க வேண்டும். ஒரு சைட்டில் தரைத்தளமும் வாகனத் தரிப்பிடமும் சேர்ந்து 7 மீற்றர், அதற்கு மேல் மாடிக்கு 3 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது குடியிருப்பு மாடியின் தரை 22 மீற்றரில் வரும். நிற்கிற ஆளின் கண்ணுக்கு இன்னும் ஒன்றரை சேர்த்தால் 23.5. ட்ரோனைப் பல்கனி வரப்போகும் மூலைக்கு நேராக அந்த உயரத்தில் நிறுத்தி, கடல் பக்கம் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. இதில் புதியவர்கள் தவறுவது உயரக் கணக்கில்தான். ட்ரோன் காட்டும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. பக்கத்து மொட்டைமாடியிலிருந்து கிளப்பினால் அங்கே சுழியம். இதைக் கவனிக்காமல் ஒருவர் ஆறாம் மாடி என்று பத்தாம் மாடியின் காட்சியை விற்றுவிட்டார். வாங்கியவர் நேரில் வந்து பார்த்த அன்று என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

லென்ஸையும் கவனிக்க வேண்டும். இந்தச் சின்ன ட்ரோன்களில் இருப்பது 24 மி.மீ. அளவுள்ள அகன்ற பார்வை. பக்கத்துக் கட்டடம் அதில் தள்ளிப்போய் நிற்பது போலத் தெரியும். முன்னால் இருக்கும் சுவர் உண்மையில் முகத்துக்கு நேரே இருக்கும். அதனால் படத்தோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடுப்பகுதியை வெட்டிய படமும் ஒன்று கொடுப்பேன். பக்கத்தில் வெறும் வளவு இருந்தால் அதையும் காட்டுவேன், நாளைக்கு அங்கேயும் ஒன்று எழும்பும் என்பதற்காக. கட்டுபவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. வாங்குபவர்களுக்குப் பிடிக்கும். ஒருவர் வாங்கினால் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மச்சான், சித்தப்பா எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள்.

வெளிச்சம் ஒரு சின்ன விஷயம், ஆனால் கொழும்பில் அதுதான் நாட்காட்டியைத் தீர்மானிக்கும். கடல் மேற்கே. காலையில் எடுத்தால் கடல் பார்த்த முகப்பு முழுக்க நிழலில் கறுத்து நிற்கும். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகுதான் அந்தச் சுவரில் வெயில் நன்றாக விழும். ஆனால் ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி மழை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்று. ஆகவே முகப்புப் படத்துக்குத் தை, மாசி, பங்குனி. வாடிக்கையாளர் ஜூனில் அவசரப்படுத்தினால், மழை நாளுக்கு மாற்று நாள் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இதைவிட உறுதியான வருமானம் அதே கட்டடத்தை மாதாமாதம் எடுப்பதில் இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவைக்கும் படத்துக்கு ஒரு தடவைதான் காசு. ஒவ்வொரு மாதமும் பார்த்தே ஆக வேண்டிய படத்துக்கு ஒவ்வொரு மாதமும் பில் போகும். கட்டட வேலைக்கு வங்கி கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் ஒவ்வொரு கட்டத்துக்கும் காசு அனுப்புவார். எல்லோருக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒருவரும் மற்றவர் சொல்வதை நம்புவதில்லை.

அதில் அழகுக்கு வேலையில்லை. நான்கு மூலையிலிருந்து நான்கு, நேர் மேலிருந்து ஒன்று. போன மாதம் நின்ற அதே இடம், அதே உயரம், அதே கோணம், முடிந்தால் அதே நேரம். அண்ணாவிடம் எந்த மாடல் என்று கேளுங்கள். மினி 4 ப்ரோவில் பாதையைப் பதிந்துவைத்துத் திரும்ப அதே வழியில் பறக்கவிடும் வசதி இருக்கிறது, மினி 3இல் இல்லை. இந்த வேலைக்கு அந்த ஒரு வசதி கமெராவைவிட முக்கியம்.

இதன் அருமை எனக்கே ஒரு நாள்தான் விளங்கியது. தெஹிவளைப் பக்கம் ஒரு சைட். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று, மேலிருந்து பலகை விழுந்து தன் அஸ்பெஸ்டஸ் கூரை உடைந்துவிட்டது, முழுக் கூரையையும் மாற்றித் தர வேண்டும் என்று சத்தம். பொலிஸ் வரை போகப் பார்த்தது. இன்ஜினியர் எனக்கு அழைத்து, நாலு மாதத்துக்கு முந்தின படங்கள் இருக்கிறதா என்றார். அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்துப் படம். மூலையில் அந்த வீட்டுக் கூரையும் தற்செயலாக விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அதே இடத்தில் நீலத் தறப்பாள், அதன் மேல் மூன்று செங்கல். எங்கள் கட்டடம் அப்போது தரைக்கு மேலே வரவே இல்லை. இன்ஜினியர் அதை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினார், கதை அன்றோடு முடிந்தது. (உண்மையில் இரண்டு தகடுகள் புதிதாக உடைந்திருந்தன, அதை மாற்றிக் கொடுத்தார்கள்.) அடுத்த கட்டடத்துக்கு அந்த இன்ஜினியர் என்னிடம் விலையே கேட்கவில்லை. அன்றிலிருந்து, வேலை தொடங்குவதற்கு முன்பே சுற்றுவட்ட வீடுகளின் கூரைகள் உட்பட ஒரு தொகுதி எடுத்துவைக்கிறேன். படம் தேதியோடு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். அழிக்காதீர்கள், ஐந்து வருடமானாலும்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. காணி எல்லையை ட்ரோன் படத்தில் கோடு போட்டு, இதுதான் உங்கள் வளவு என்று கொடுக்காதீர்கள். அது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. காணி விற்பவர்கள் விளம்பரத்துக்குக் கோடு கேட்பார்கள். கேட்டால் பெயருக்கு மட்டும், அளவு பார்க்க அல்ல என்று படத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

காசுக்கு வருவோம். நீங்கள் கணக்குப் பிரிவு, பெறுமானத் தேய்வு என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ட்ரோன் வாங்கும் கணக்காளர்களும் அதை மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு ட்ரோன், மூன்று பற்றரி, மேலதிக இறக்கைகள் எல்லாம் சேர்த்து 4 இலட்சம் என்று வைப்போம். கடற்கரை ஊரில் அது 100 வேலை நாள் ஓடினால் நல்லது. நாளுக்கு 4,000 தேய்வு. போக்குவரத்தும் சாப்பாடும் 2,000, காப்புறுதி, சேமிப்பு வட்டு என்று 1,000. நீங்கள் 15,000 கேட்டால் மிச்சம் 8,000. அதற்குப் பின்னால் ஒரு நாள் கணினி வேலை இருக்கிறது, ஆகவே இரண்டு நாளுக்கு 8,000. யாராவது 7,000 ரூபாவுக்குப் பறக்கிறார் என்றால் அவர் லாபம் பார்க்கவில்லை, ட்ரோனைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருக்கிறார்.

அண்ணா சும்மா தருகிறார், எனக்கு முதலீடு இல்லை என்று சொல்லாதீர்கள். இரண்டாவதை நீங்கள்தான் வாங்க வேண்டும், டொலர் விலையில். 2022 மார்ச்சில் 200 ரூபாச் சொச்சமாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தொட்டது, மே மாதம் 360. அந்த நேரம் ட்ரோனைக் கடலில் போட்டவர்கள் திரும்ப வாங்கவே இல்லை.

ஆகவே மாதம் எவ்வளவு என்ற கேள்விக்கு என் பதில், எத்தனை சைட்டுகள் என்பதுதான். மாதாமாதம் பில் போகும் மூன்று வாடிக்கையாளர் சேர்ந்து, அவர்கள் ஆறு மாதம் ஒழுங்காகக் காசும் தந்த பிறகு வேலையை விடுவதைப் பற்றித் திரும்ப எழுதுங்கள். காசும் தந்த பிறகு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கட்டட நிறுவனம் எனக்கு நாலு மாதப் பில்லை நிலுவை வைத்தது. கணக்குப் பிரிவுக்குப் போனால் முகாமையாளரைப் பார் என்பார்கள், முகாமையாளர் கணக்குப் பிரிவைப் பார் என்பார். கடைசியில் பாதிதான் வந்தது. இப்போது பாதி முற்பணம், மீதி வந்த பிறகுதான் பெரிய அளவுப் படங்கள். முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். வியாபாரப் பெயரைப் பதிந்து, டின் எனப்படும் வரி இலக்கமும் எடுத்து, ஒழுங்கான பில் கொடுங்கள். கம்பெனிகளுக்கு ட்ரோனைவிட அந்தத் தாள்தான் தேவை. உங்கள் பதிவுச் சான்றிதழ், காப்புறுதி, அன்றைய அனுமதிக் கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு முதல் சந்திப்பிலேயே மேசையில் வையுங்கள். பக்கத்தில் மலிவாகப் பறக்கும் பொடியனிடம் அந்தக் கோப்பு இருக்காது.

சம்பளத்தை விடாதே என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் நடந்த சில நாட்களில் நாடு முழுக்க ட்ரோன் பறப்பதைத் தடை செய்தார்கள். செய்ததில் பிழை சொல்ல முடியாது, அந்த நாட்களில் வானத்தில் சத்தம் கேட்டாலே சனம் நடுங்கியது. ஆனால் என் இரண்டு ட்ரோனும் மாதக்கணக்கில் அலுமாரிக்கு மேலே தூங்கின. அது தளர்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. அந்தக் காலத்தில் வீட்டை ஓட்டியது பழைய கல்யாண அல்பங்களைத் திருத்திக் கொடுத்த வேலைதான். இந்தத் தொழிலில் ஒரு சுற்றறிக்கையால் ஒரே நாளில் வருமானம் நின்றுவிடும்.

பறப்பதைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை, அது கையால் பழக வேண்டியது. கொழும்புக்கென்று இருப்பதை மட்டும் சொல்கிறேன். கொங்கிரீட் மொட்டைமாடியில் நேரே வைத்துக் கிளப்பாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும், ட்ரோன் தன் பாட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒரு பிளாஸ்டிக் கதிரையின் மேல் வைத்துக் கிளப்புங்கள், என் வண்டியில் எப்போதும் ஒன்று கிடக்கும். காகங்கள் ஒன்றிரண்டு சுற்றத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் இறக்குங்கள், பத்து நிமிடத்தில் இருபது வரும். கடலோரத்தில் செம்பருந்து மேலிருந்து பாயும். தானாகத் திரும்பி வரும் உயரத்தைச் சுற்றிலும் உள்ள உயர்ந்த கட்டடத்துக்கு மேலே வைக்காவிட்டால், சிக்னல் போனதும் அது நேர்கோட்டில் வீட்டுக்கு வரப் பார்த்து யாரோ ஒருவருடைய ஏழாம் மாடிக் கண்ணாடியில் போய் முட்டும். கீழே காற்றே இல்லாத நாளிலும் பன்னிரண்டாம் மாடிக்கு மேலே கடல் காற்று அடித்துக்கொண்டிருக்கும். போகும்போது காற்றோடு போனால் வரும்போது எதிர்க்காற்று, பற்றரி பாதியில் தீரும். முதலில் எதிர்த்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள், உப்பு பார்வைக்குத் தெரியாது, மோட்டாரில் தெரியும்.

அப்புறம், மற்றவர் வீட்டு ஜன்னல். பல்கனிக் காட்சி எடுக்கப் போகும்போது எதிர் வீட்டுக் குசினிக்கு நேராகத்தான் நிற்க வேண்டிவரும். முதல் நாளே அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்து, தன் தண்ணீர்த் தாங்கியின் மூடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இல்லை. காகம் குளித்துக்கொண்டிருந்தது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அண்ணாவிடம் மாடல், தொடரிலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விண்ணப்பங்களுக்கு அது வேண்டும். அனுமதி கையில் வரும்வரை டிசம்பர் பயணத்தில் ட்ரோன் வரவேண்டாம், அடுத்த முறை வரட்டும். வருவதானால் பற்றரிகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 19 வாட்மணி அளவில்தான், விமானங்களில் கேள்வி கேட்காத 100க்கு மிகக் கீழே. ஆனால் சரக்கறையில் லித்தியம் பற்றரியைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். பெரிய பற்றரியும் வாங்கட்டுமா என்று அண்ணா கேட்பார். அதைப் போட்டால் கனடாவில் 250ஐத் தாண்டிவிடும், எங்களுக்கு இரண்டும் ஒரே வகைதான். கூடிய நேரம் பறக்கும், வாங்கி வரட்டும். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் உங்கள் மொட்டைமாடியில் நின்று, சுற்றி எழும்பும் கட்டடங்களின் பெயர்ப் பலகைகளில் இருக்கும் ஒப்பந்தக்காரர் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.